மூணுமாடிக் கடையில் பொம்மைகள் பக்தரான கதை

சேந்தன்பேரியில் ரெண்டு மாடிக்கு மேல் எழும்பி நின்ற ஒரே கட்டடம் பொன்பாண்டி முதலாளியின் ஜவுளிக்கடைதான் என்பதால், பெயர்ப்பலகையில் எதை எவ்வளவு பெரிதாக எழுதி வைத்தாலும் ஊர் அதை மூணுமாடி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கும் சடங்குக்கும் கோடித்துணிக்கும் மூணுமாடி, பஸ்ஸில் இறங்குகிற இடம் சொல்வதற்கும் மூணுமாடி, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காதது போல எதிரெதிரே நின்று பார்த்துக்கொள்கிற பிள்ளைகளுக்கும் மூணுமாடி. அந்த மூணுமாடிக்கு மேனேஜராக இருந்த தாணுலிங்கம் தினமும் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்ததும் வீட்டு வாசல்படியில் தலையைக் கொஞ்சம் குனிந்து நிற்பார், அவர் மனைவி உலகம்மாள் திருநீற்றை அள்ளி மூன்று விரலால் அவர் நெற்றியில் இழுத்துவிடுவாள். அவளுடைய மோதிரவிரல் சின்ன வயதில் அம்மிக்குழவியில் நசுங்கிக் கோணிப்போனது, அதனால் மூன்றாவது கோடு மட்டும் முடிகிற இடத்தில் கீழே இறங்கி ஒரு வால் போட்டுக்கொள்ளும். கல்யாணமான மறுநாள் தொடங்கிய வழக்கம் இது. சண்டை போட்டுப் பேச்சில்லாமல் கிடந்த நாட்களிலும் நின்றதில்லை, அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தி இழுப்பாள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில், மூத்த மகன் கல்யாணத்துக்குக் கூறைப்பட்டு எடுக்க வேன் நிறைய சொந்தக்காரர்களோடு வந்து இறங்கிய வெயிலுகந்தம்மாள், பட்டுப் பிரிவில் முக்காட்டுக்குள் சிரித்த முகத்தோடு நின்ற ஜொஹராவைப் பார்த்ததும் காலைப் பின்னுக்கு வைத்து, "நல்ல காரியம் பாருங்க, நம்ம ஆளுக யாராவது எடுத்துக் குடுத்தா நல்லாருக்கும்" என்று சொல்லி, பதில் வருவதற்குள் வேனைத் திருப்பிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள். அடுத்த வாரமே, வெள்ளை வேட்டி மொத்தமாக எடுக்க வந்த ஒரு பாஸ்டர், வேட்டிப் பிரிவில் நம்பிராஜனின் நெற்றியில் மயிரடியிலிருந்து புருவம் வரைக்கும் பளீரென்று நின்ற நாமத்தைப் பார்த்து, நின்ற இடத்திலேயே கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு, அவரும் எதிர்க்கடைக்கே போனார்.

பொன்பாண்டி முதலாளி ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தாணுலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"வே தாணு, நெத்தியைப் பாத்துத் துணி எடுக்கிற காலம் வந்துட்டுவே. நெத்தியே இல்லாத ஆளுகளை வேலைக்கு வைக்க முடியாது. அதனால நெத்தியில ஒன்னும் இல்லாமப் பண்ணிப்போடுவோம்."

"மொதலாளி, காலங்காலமாப் போட்டுட்டு வாரவங்க..."

"வீட்டுல போடட்டும். தெருவுல போடட்டும். ஆடி ஒன்னாம் தேதியிலயிருந்து கடைக்குள்ள எவனும் எந்தச் சாமியையும் உடம்புல காட்டப்படாது. நம்ம கடையில துணி மட்டும்தான் தெரியணும்."

அவர் தலைக்கு மேலேயே பிள்ளையாரும் வேளாங்கண்ணி மாதாவும் மக்கா பள்ளிவாசலும் ஒரே சட்டத்துக்குள் வண்ண விளக்குகள் மினுக்க இருந்தார்கள். பக்கத்தில் நின்ற குழந்தைத் துணிப் பிரிவு ஜெபராணி, வாயை அடக்கிப் பழக்கமில்லாதவள், அதைக் கைகாட்டி, "அப்ப இது மொதலாளி?" என்று கேட்டேவிட்டாள்.

"அது கடை சாமி. சம்பளம் வாங்காத ஆளு. உனக்கு என்ன?" என்றார் முதலாளி.

அப்படியாக ஆடி பிறந்தது, வாசலில் தள்ளுபடித் தோரணம் ஏறியது, நம்பிராஜன் குழாயடிக்குப் போய் நாமத்தைக் கழுவிவிட்டுத் திரும்பியபோது சாமான் எடுத்துப்போன வீட்டுச் சுவர் மாதிரி இருந்தது அவன் முகம். ஜெபராணி சிலுவைச் சங்கிலியைக் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள். பார்சல் கட்டுகிற அறிவுக்கரசு, பிறந்ததிலிருந்து எந்தக் கோயிலையும் உள்ளே போய்ப் பார்த்திராதவன், "எனக்கென்னங்க, நான் சாமியே கும்பிடாதவன்" என்று தன் கறுப்புச் சட்டையில் தைரியமாக வந்து நின்றான். முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்து, "கும்பிடலைன்னு காட்டுதியே, அதுவும் காட்டுததுதான்" என்று ஒரு நீலச் சட்டையைக் கையில் கொடுத்தார். அவன் கறுப்புச் சட்டை பார்சல் அறை ஆணியில் தொங்கியது.

ஜொஹரா மட்டும் எடுக்கவில்லை. அவள் குரலை உயர்த்தவுமில்லை.

"மொதலாளி, இது தலைக்கு மேல போட்ட துணி மாதிரி உங்களுக்குத் தெரியுது. எனக்கு அப்படி இல்ல. எடுக்க முடியாது."

"அப்ப எங்க வெச்சு உன்னை வியாபாரம் பண்ணச் சொல்லுத?"

அவளே யோசித்து, "ஆளுக கண்ணு படாத எடத்துல வைங்க" என்றாள். மூன்றாம் மாடிக் குடோனில், மூட்டைகளுக்கு நடுவில், விலைச்சீட்டு ஒட்டுகிற வேலை கிடைத்தது. மேனேஜர்தான் அவளை மாடிப்படியில் முன்னால் நடந்து கூட்டிக்கொண்டு போனார், திரும்பிப் பார்க்காமல்.

தாணுலிங்கம் உலகம்மாளிடம் எதையும் சொல்லவில்லை. வாசல்படியில் எப்போதும்போலத் தலையைக் குனிந்தார், அவள் எப்போதும்போல இழுத்துவிட்டாள், அவர் கடைக்கு முந்தின வளைவில் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி உள்ளங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனார். இதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை கதவைத் தூக்கினால், பொம்மைகள் எல்லாம் பக்தர்களாகி இருந்தன.

வாசலில் கோட்டும் சூட்டும் போட்டு நிற்கிற, நீலக் கண்ணும் செம்பட்டை முடியும் உள்ள துரைப் பொம்மையின் நெற்றியில் திருநீறு. உள்ளாடைப் பிரிவில் வெறும் பனியன் ஜட்டியோடு தசையை முறுக்கி நிற்கிற பயில்வான் பொம்மைக்கு மயிரடியிலிருந்து புருவம் வரை நாமம். கவுன் போட்ட குழந்தைப் பொம்மையின் கழுத்தில் சிலுவை. ஆணியில் தொங்கிய கறுப்புச் சட்டை, சஃபாரி போட்டிருந்த பொம்மையின் மேல் பொத்தான் முதற்கொண்டு சரியாக மாட்டியிருந்தது. பட்டுப் பிரிவுப் பொம்மை, கட்டியிருந்த அரக்குப் பட்டின் முந்தானையை எடுத்துத் தலையில் முக்காடு போட்டு, நெற்றி மயிர் தெரியாமல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றது.

துடைத்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவினார்கள், பெயின்ட் எடுக்கிற தின்னரை ஊற்றித் தேய்த்ததில் துரையின் ஒரு புருவம் போனதே தவிர மறுநாள் காலை திருநீறு வந்துவிட்டது. முதலாளி பூட்டை மாற்றிச் சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கினார். காலையில் பொம்மைகள் குளித்து முழுகிப் பூசிக்கொண்டு நின்றன. முதலாளிக்குக் கோபம் வந்ததே தவிர ஆச்சரியம் வரவில்லை, ஏனென்றால் ஆடித் தள்ளுபடியில் மனிதர்கள் செய்வதை அத்தனை வருஷம் பார்த்தவருக்குப் பொம்மைகள் செய்வது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

தாணுலிங்கம்தான் துரையின் பக்கம் பார்க்காமல் உள்ளே போகப் பழகினார். துரையின் நெற்றியில் மூன்றாவது கோடு, முடிகிற இடத்தில், கீழே இறங்கி ஒரு வால் போட்டிருந்தது.

ஊர் வந்து பார்த்தது. முதல் நாள் கூட்டம் பயந்து பார்த்தது, மறுநாள் கூட்டம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டியது, மூன்றாம் நாள் யாரோ பயில்வான் பொம்மையின் காலடியில் துளசி வைத்துவிட்டுப் போனார்கள், அதற்குப் பின் இது என்ன வகைச் சமாச்சாரம் என்பதை முடிவுசெய்யாமல் இனி நடக்காது என்று ஆகிவிட்டது. போக்குவரத்து நெரிசலைச் சமாளிக்க முடியாத இன்ஸ்பெக்டர், சிவன் கோயில் பட்டரையும் ஃபாதர் ஆரோக்கியத்தையும் ஜமாஅத் தலைவர் மீரான் சாயபுவையும் மூணுமாடிக்கு வரவழைத்தார். முதலாளி மூவருக்கும் குளிர்ந்த கலர் சோடா வாங்கிக் கொடுத்து, உட்கார நாற்காலி போட்டார்.

பட்டர் துரையின் நெற்றியை நெடுநேரம் பார்த்தார். "இது சாமி இல்ல, பக்தர். பக்தருக்கு அர்ச்சனை கிடையாது. வேணும்னா பிரசாதம் குடுக்கலாம், அதுவும் அவர் கை நீட்டினா."

ஃபாதர் குழந்தைப் பொம்மையிடம் குனிந்து கன்னத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை சிலுவை போடுவது பற்றித் தன்னால் உடனே சொல்ல முடியாது, மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

மீரான் சாயபு பட்டுப் பொம்மையின் பக்கம் முகத்தையே திருப்பவில்லை, தரையைப் பார்த்தபடி, "அந்நியப் பொம்பளைய நான் எப்படிப் பாத்துச் சொல்ல? மரியாதையா நிக்கிற புள்ளையை மரியாதையா வெச்சுக்கிடுங்க" என்றார்.

நியாயம் மூன்றும் ஊருக்குப் பிடித்திருந்தது. பொம்மைகள் சாமி இல்லை, பக்தர்கள். ஆகவே கும்பிட வேண்டியதில்லை, மரியாதை கொடுத்தால் போதும். அதிலிருந்து சேந்தன்பேரிக்காரர்கள் துரையைத் தாண்டும்போது தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்கள், குழந்தைப் பொம்மைக்கு எதிரே கெட்ட வார்த்தை பேசவில்லை, அடம்பிடித்து அழுகிற பிள்ளைகளை அதன் பக்கத்தில் நிறுத்தி, "பாரு, ஒரு சத்தமாவது போடுதா?" என்று காட்டினார்கள். வெள்ளிக்கிழமைகளில் பட்டுப் பொம்மைக்கு முன்னால் ஊதுபத்தி வேண்டாம் என்று பெண்கள் தாங்களாகவே முடிவுசெய்தார்கள். சபரிமலைக்கு வருஷம் தவறாமல் போகிற ஒரு குருசாமி, கறுப்புச் சட்டைப் பொம்மையைப் பார்த்து, "கார்த்திகை வரும் முன்னேயே இந்தச் சாமி விரதம் தொடங்கிட்டாரே!" என்று உருகி, தன் கையிலிருந்த துளசிமணி மாலையை அதன் கழுத்தில் போட்டுச் சரணம் சொல்லிவிட்டுப் போனார்.

பார்சல் அறையிலிருந்து ஓடிவந்த அறிவுக்கரசுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "மேனேஜர் அண்ணாச்சி, என் சட்டைங்க அது! என் கொள்கைக்கு மாலை போட்டு மலைக்கு அனுப்பப் பாக்காங்க!"

"கழட்டிடுவோம்ப்பா."

"கழட்டினா நாளைக்கு வேற சாமி வந்து வேற மாலை போடுவாரு. நான் வீட்டுல போய் என்ன சொல்ல?"

நம்பிராஜன் அழவில்லை, மேனேஜரைத் தனியே தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, நாமம் போச்சேன்னுகூட நான் கேக்கல. அது நிக்கிற கோலத்தைப் பாத்தீயளா? ஜட்டியோட நிக்குது அண்ணாச்சி. என் நாமம் ஜட்டியோட நிக்குது. ஒரு வேட்டியாவது கட்டிவிடச் சொல்லுங்க."

தாணுலிங்கம் வேட்டி கட்டிவிடச் சொன்னார். வேட்டி கட்டிய பயில்வானால் ஜட்டி வியாபாரம் படுத்துவிட்டது என்று முதலாளி மறுநாளே அவிழ்க்கச் சொன்னார். நம்பிராஜன் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போனான், ரெண்டு முறை தூணில் மோதினான்.

ஜெபராணி கதை வேறாக இருந்தது. அவளுக்கு முகமே தெளிந்துபோயிருந்தது. "சிலுவை கெடந்தப்ப யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்தை கூடச் சொன்னா, 'ஏசுவைக் கும்பிடுதவளுக்கு இம்புட்டுக் கோவமா'ன்னு கேப்பாங்க அண்ணாச்சி. இப்ப நல்லா வாய் நிறைய ஏசுதேன், ஒருத்தரும் கேக்கல. சாயங்காலம் வீட்டுல போய் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். அவரும் மன்னிக்காரு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இப்ப ஊர்க்காரங்க யாருமில்ல."

ஆவணியில், ரெண்டாவது மகன் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க, வெயிலுகந்தம்மாள் மறுபடியும் வேனில் வந்து இறங்கினாள். பட்டுப் பொம்மைக்கு முன்னால் போய் நின்றவள் அசையவில்லை. "தலையில போட்டுக்கிட்டு எம்புட்டு அடக்கமா நிக்கா பாரு! இப்படி ஒரு மருமக வந்தா வீடு வெளங்கும். இவ கட்டியிருக்கதையே எடுத்துத் தாங்க" என்றாள். தாணுலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார், விளையாட்டு ஒன்றும் அதில் இல்லை. அவர் சேலையை அவிழ்த்துக் கொடுத்து, பொம்மைக்கு வேறு சேலை சுற்றினார். மறுநாள் காலை அதன் முந்தானையும் தலைக்கு ஏறியிருந்தது. அதையும் யாரோ கேட்டு வாங்கிப் போனார்கள். முக்காட்டுப் பொம்மை கட்டிக் கழித்த சேலை என்றால் கல்யாணப்பெண்ணுக்கு ராசி என்று பேச்சாகி, புரட்டாசி பிறக்கும்போது பட்டுப் பிரிவு திருவிழாக் கூட்டமாக இருந்தது. மேலே மூன்றாம் மாடியில் ஜொஹரா அந்தச் சேலைகளுக்குச் சீட்டு ஒட்டிக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அந்தப் புரட்டாசியில்தான் உலகம்மாள் கடைக்கு வந்தாள். ஊரெல்லாம் பார்த்துவிட்ட பொம்மைகளைத் தான் மட்டும் பார்க்கவில்லையே என்று, கணவனிடம் சொல்லாமல், பக்கத்து வீட்டுக்காரியோடு வந்தாள். வாசலைத் தாண்டவில்லை. துரைக்கு எதிரே நின்று, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதலில் சும்மா பார்த்தாள், பிறகு கிட்டே போய்ப் பார்த்தாள், பிறகு தன் மோதிரவிரலை நீட்டி அந்த மூன்றாவது கோட்டின் வாலோரம் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.

உள்ளேயிருந்து தாணுலிங்கம் பார்த்துவிட்டார். ஓடிவந்தார். வேர்வை வழிந்த அவருடைய வெறும் நெற்றியை அவள் ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தாள்.

"உலகு, நான் சொல்லணும்னுதான்..."

"நல்லாருக்கு. வெள்ளைக்காரனுக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் அவர் வாசல்படியில் தலையைக் குனிந்து நின்றார். யாரும் வரவில்லை. அடுக்களையில் தாளிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து நிமிர்ந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வளைவில் பழக்கத்தில் கையை நெற்றிக்குக் கொண்டுபோய், துடைக்க ஒன்றுமில்லாமல் இறக்கினார். அதற்கடுத்த காலையில் துரையின் நெற்றி வெறுமையாக இருந்தது.

ஊர் உடனே கண்டுகொண்டது. எல்லாப் பொம்மையும் பூசியும் போட்டும் நிற்க, வாசல் பொம்மை மட்டும் மொட்டை நெற்றியோடு நிற்பதற்குக் காரணம் கேட்டுத் துணி எடுக்க வந்தவர்களும் எடுக்காதவர்களும் நின்றார்கள், பக்கத்து வீட்டுக்காரி வழியாகக் காரணம் கிடைத்ததும் இன்னும் அதிகமாக நின்றார்கள். "மேனேஜர் வீட்டுல சமாதானம் ஆச்சா?" என்று காலையில் துரையின் நெற்றியைப் பார்த்தே தெரிந்துகொண்டு போனார்கள். கரும்புச்சாறு வண்டிக்காரன் அவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்து கரும்பைத் தேய்த்தான். ஒரு நாள் தாணுலிங்கம் தானாகவே திருநீற்றை எடுத்துப் பூசிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் தன் நெற்றியைத் தான் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கோடு கோடாக வரவில்லை, சுண்ணாம்பு அடித்த மாதிரி அப்பிக்கொண்டது. வளைவு வரும் முன்பே துடைத்துவிட்டார். மறுநாள் துரை முகமெல்லாம் வெள்ளையடித்துக்கொண்டு நின்றான், ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

தீபாவளி நெருங்கி, தெரு முழுக்கப் பந்தல் ஏறியபோது முதலாளி அவரைக் கூப்பிட்டார்.

"வே தாணு, மேல குடோன் ஜன்னல்ல அந்தப் புள்ளை முக்காடு தெருவுக்குத் தெரியுதாம். ஒருத்தன் சொல்லிட்டுப் போறான்."

"ஜன்னலைச் சாத்திக்கிடச் சொல்லுதேன் மொதலாளி."

"அது எதுக்கு? யோசிச்சுப் பாருவே. கீழ ஒரு முக்காடு வியாபாரம் பண்ணிக் குடுக்கு, மேல ஒரு முக்காடு சம்பளம் வாங்குது. கடைக்கு எதுக்கு ரெண்டு? தீபாவளி இனாம் குடுத்து நாளையிலயிருந்து வரவேண்டாம்னு சொல்லிடும்."

தாணுலிங்கம் மாடி ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். ஜொஹரா ஜன்னலோரம் சேலைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள், அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்த்த உடனேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"சொல்லுங்க அண்ணாச்சி. மனசுல வைக்காதீங்க, வேற எடத்துல பாத்துக்கிடுதேன்."

அவர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். அங்கிருந்து ஜன்னல் வழியே தெரு தெரிந்தது, பந்தல் தெரிந்தது, வளைவும் கரும்புச்சாறு வண்டியும் அதன் பின்புறமும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தன.

"இங்கயிருந்து எல்லாம் தெரியுமோ?"

"தெரியும் அண்ணாச்சி." கையிலிருந்த சீட்டுக் கட்டைக் கீழே வைத்தாள். "தெனமும் பாத்திருக்கேன். துடைச்சுட்டு நீங்க உடனே நடக்க மாட்டீங்க. அந்தக் கையை என்ன பண்ணன்னு தெரியாமப் பாத்துக்கிட்டே நிப்பீங்க. கைக்குட்டையில துடைக்கமாட்டீங்க, கீழ தட்டிவிடவும் மாட்டீங்க. அப்புறம் யாரும் பாக்கலன்னு சட்டைக்குள்ள கையை விட்டு நெஞ்சுல தடவிக்கிடுவீங்க. நானும் எத்தனையோ நாள் யோசிச்சிருக்கேன், நம்மளும் கழட்டிப் பைக்குள்ள வெச்சுட்டுப் போனா என்ன, அல்லாவுக்குத் தெரியாதான்னு. அவனுக்குத் தெரியும். எனக்குத்தான் அந்தக் கையை எங்க வைக்கன்னு தெரியாமப் போயிரும்."

தாணுலிங்கம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து, "நாளைக்குக் காலையில எப்பவும்போல வா. வந்து நேரே பட்டுப் பிரிவுக்குப் போ" என்று சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்பது தனக்கே முழுதாகப் புரியும் முன் கடகடவென்று இறங்கிவிட்டார்.

மறுநாள் காலை அவர் வாசல்படியில் தலையைக் குனிந்து நின்றார், நகரவில்லை. உலகம்மாள் கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வெங்காயம் உரித்தாள், இன்னொரு வெங்காயம் உரித்தாள்.

"இது எதுவரைக்கும்? வளைவு வரைக்குமா, கடை வரைக்குமா?"

"திரும்பி வீட்டுக்கு வார வரைக்கும்."

அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து திருநீற்றை அள்ளி இழுத்துவிட்டாள், எலும்பு வலிக்கிற அளவுக்கு அழுத்தி. விரலில் வெங்காய வாசனை இருந்தது. அவருக்குக் கண் கலங்கியதை அவள் வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டாள்.

அவர் வளைவில் நிற்கவில்லை. அவர் நெற்றியோடு வருவதைப் பார்த்த நம்பிராஜன் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடி, எதற்கும் இருக்கட்டும் என்று இத்தனை நாளும் மடியில் கொண்டுவந்துகொண்டிருந்த திருமண்ணைக் குழைத்து, கண்ணாடி இல்லாமலேயே நேராகக் கோடு இழுத்தான். அறிவுக்கரசு சஃபாரிப் பொம்மையிடம் போய் அதன் மேல் கிடந்த தன் கறுப்புச் சட்டையைக் கழற்றி உதறி மாட்டிக்கொண்டு, துளசிமணி மாலையை மட்டும் பொம்மைக்கே விட்டுவிட்டான். ஜொஹரா மூன்றாம் மாடிக்கு ஏறாமல் பட்டுப் பிரிவில் போய் நின்றாள். ஜெபராணி இவர்களையெல்லாம் பார்த்து, பைக்குள் கையை விட்டு, சங்கிலியைத் தொட்டுப் பார்த்து, "எனக்கு இப்படியே நல்லாத்தான் இருக்கு" என்று கையை வெளியே எடுத்துவிட்டாள். அதனால் மற்ற பொம்மைகள் கழுவிவிட்டதுபோல வெறுமையாகிப் போன அந்தக் காலையிலும், கவுன் போட்ட குழந்தைப் பொம்மை மட்டும் சிலுவையோடு நின்றது.

முதலாளி வந்தார். கதவு பாதி தூக்கியிருந்தது, வெளியே தீபாவளிக் கூட்டம் கதவுக்குக் கீழே குனிந்து குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னவே இது நெத்தியில?"

"என் வீட்டுக்காரி விரலு, மொதலாளி."

"தொடைவே."

"சாமியைக் காட்டப்படாதுன்னுதான சொன்னீங்க. இது உலகம்மாள்."

முதலாளி நம்பிராஜன் பக்கம் திரும்பினார். "உனக்கு என்னடே? இதுவும் வீட்டுக்காரியா?"

நம்பிராஜன் கை கட்டிக்கொண்டு நின்றான். "இல்ல மொதலாளி. இது பெருமாள்தான். எனக்கு வேற சாக்கு சொல்லத் தெரியாது."

முதலாளி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானும் வெறும் நெற்றிப் பொம்மைகளுமாகத் தீபாவளி வியாபாரம் செய்வதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். கதவுக்கு வெளியே ஒரு குழந்தை, "இன்னும் தொறக்கலையா?" என்று கத்தியது.

"இன்னைக்குத் துணியைக் குடுங்க. நாளைக்குப் பேசிக்கிடுவோம்" என்றார் முதலாளி. அந்த நாளை இன்றுவரை வரவில்லை.

கதவு முழுதாக ஏறியதும் கூட்டம் உள்ளே புகுந்து, பொம்மைகளைப் பார்த்து ஏமாந்தது. பக்தியை விட்டுவிட்டனவா, கோபித்துக்கொண்டனவா, தீபாவளிக்கு லீவா என்று கேட்டது. வேட்டிப் பிரிவில் நாமத்தையும் வாசலில் திருநீற்றையும் பார்த்து, "ஓ, எல்லாம் இங்க வந்துட்டா" என்று சமாதானமடைந்து துணி எடுக்கத் தொடங்கியது. சிலர் எதிர்க்கடைக்குப் போகவும் செய்தார்கள். தாணுலிங்கம் அவர்களை வாசல்வரை போய் வழியனுப்பினார்.

தை மாதக் கல்யாணத்துக்கு இப்போதே பட்டு எடுத்து வைக்க, வீட்டார் யாரையும் நம்பாமல் தானே வந்திருந்த ஒரு கல்யாணப்பெண், தலை திறந்து நின்ற பட்டுப் பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"முக்காடு போட்ட பொம்மை ஒன்னு இருக்கும்னு சொன்னாங்களே அக்கா, அது எங்க?"

"அது இதுதாம்மா" என்றாள் ஜொஹரா. "இப்ப முக்காட்டை எடுத்துட்டுது."

பெண் பொம்மையைப் பார்த்தாள், ஜொஹராவின் முக்காட்டைப் பார்த்தாள், திரும்பவும் பொம்மையைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த ராமர் பச்சைப் பட்டைத் தோளில் சாய்த்துக் கண்ணாடிக்கு எதிரே நின்று, "இதுகிட்ட எம்புட்டுக் கேட்டாலும் பதில் சொல்லாது. நீங்க சொல்லுங்க அக்கா, இந்தக் கலர் எனக்கு எடுக்குமா?" என்று கேட்டாள்.

ஜொஹரா தலையைச் சாய்த்து நன்றாகப் பார்த்தாள்.

"எடுக்காதும்மா" என்று சொல்லி, அலமாரியின் மேல்தட்டுக்கு ஏணியை நகர்த்தினாள்.